பெற்றோல் வரிசை நாட்களில் சைக்கிளில் போனேன், இப்போது ஏன் முடியவில்லை?

வாசகியின் கடிதம்

கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்குச் சற்று உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து இந்தக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 36. அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். வீட்டில் தாயாரும், தரம் 3 படிக்கும் மகளும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து அலுவலகம் 9 கிலோமீற்றர். முதல் 3 கிலோமீற்றர் கிரவல் பாதை, மிகுதி கிழக்கு நோக்கிச் செல்லும் பிரதான வீதி.

2022 இல் பெற்றோல் கிடைக்காத நாட்களில் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கினார். உடல் இலேசானது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எரிச்சல் இல்லை, கையில் கொஞ்சம் பணமும் மிஞ்சியது. பின்னர் நாட்கள் குறைந்தன. போன மாரியில் சைக்கிளைச் சாத்தி வைத்தவர் மீண்டும் எடுக்கவில்லை. "ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாளை முதல் போவேன் என்று நினைக்கிறேன். காலையில் மனம் வருவதில்லை. 21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும் என்று படித்தேன். ஒருமுறைகூட 21 நாளை எட்டவில்லை. காலையில் 35 நிமிடத்தில் போன தூரத்துக்கு மாலையில் ஒரு மணித்தியாலம் ஆனது. உடம்பு இற்றுப்போய்விட்டது. முழங்கால் நோகிறது. நான் ஒரு சோம்பேறி" என்று எழுதுகிறார்.

சைக்கிளைச் சாத்தி வைக்குமுன், அலுவலகத்தில் சைக்கிளில் வந்தவர் இவர் ஒருவர்தான். "உத்தியோகத்தருக்கு இது தேவையா?" என்று சிலர் கேட்டார்கள். தம்பி, லீசிங்கில் ஒரு ஸ்கூட்டி எடுத்துத் தருவதாகச் சொல்லி வற்புறுத்துகிறார். தாயாருக்கோ சைக்கிளைக் கண்டாலே மனம் கலங்குகிறது. 2009 தொடக்கத்தில், போரின் இறுதி மாதங்களில், மூட்டை கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு குடும்பம் இடம்பெயர்ந்து போனது இதே வீதியால்தான். அலுவலகக் கழிவறை சரியில்லை என்பதால் பகலில் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதாகவும், வீதியில் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர்கள் சிலர் தகாத வார்த்தை சொல்லிப் போவதாகவும் கடிதத்தின் நடுவே ஓரிரு வரிகளில் சொல்லியிருக்கிறார். மாசி பிறக்கப்போகிறது, இப்போதே தொடங்கலாமா, பொறுத்திருக்கலாமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

உளவளத்துணையாளரின் பதில்

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் 'சோம்பேறி' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, 8.30 க்கு முன் அலுவலகத்தில் விரல் அடையாளம் வைக்கும் ஒருவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. முதலில் அதைக் கைவிடுங்கள். தன்னைத் தானே ஏசிக்கொள்பவர் அந்த ஏச்சை நினைவூட்டும் பொருளிலிருந்து விலகி ஓடுவார். சுவரில் சாத்தியிருக்கும் உங்கள் சைக்கிள் இப்போது அப்படி ஒரு பொருளாகிவிட்டது.

2022 இல் உங்களை ஓடவைத்தது எது?

அன்று உங்களுக்கு இருந்த மனவுறுதி இன்று போய்விட்டதாக நினைக்கிறீர்கள். அந்த ஆண்டை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அதற்கும் வரிசை. அதிகாரி, ஆசிரியர், தாதி, கடைக்காரர் என்று எல்லோரும் சைக்கிளில் போனார்கள். ஏன் சைக்கிளில் வருகிறாய் என்று அன்று உங்களை யாரும் கேட்கவில்லை. காலையில் எதில் போவது என்று நீங்கள் யோசிக்க வேண்டியும் இருக்கவில்லை. வேறு வழி இல்லை, வழித்துணை நிறைய இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் உங்களைக் கொண்டுபோயின.

பெற்றோல் வந்தது, துணை கலைந்தது. தெரிவும் திரும்பி வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு நாளும் காலை ஆறரை மணிக்கு, அடுப்புக்கும் பிள்ளையின் புத்தகப் பைக்கும் நடுவே நின்று, பஸ்ஸா சைக்கிளா என்று உங்களோடு நீங்களே வழக்காடுகிறீர்கள். அந்த வழக்கில் பெரும்பாலும் பஸ்தான் வெல்லும். ஆகவே கூடுதல் மனவுறுதியைத் தேடி அலைய வேண்டாம். அந்த இரண்டு பழைய நிலைமைகளில் முடிந்த அளவை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

காலையில் முடிவெடுப்பதை நிறுத்துங்கள். ஞாயிறு மாலையில் அந்தக் கிழமையின் வேலைகளைப் பார்த்து, களப்பணி உள்ள நாட்களைத் தவிர்த்து, இரண்டு நாட்களைக் குறித்துவிடுங்கள். "செவ்வாயும் வியாழனும், மகளைப் பாடசாலை வாசலில் விட்டவுடன் சைக்கிளில் ஏறுவேன்" என்று எழுதி வையுங்கள். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று குறிப்பாகத் தீர்மானித்தவர்கள், வெறுமனே 'செய்யவேண்டும்' என்று நினைத்தவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடிப்பதை உளவியலாளர் பீட்டர் கொல்விற்சர் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். முதல் நாள் இரவே உடுப்பு, சீப்பு, துவாய், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பையில் இருக்கட்டும்.

அடுத்தது துணை. உங்கள் அலுவலகத்தில் வேறு யாரும் சைக்கிளில் வருவதில்லை என்பது சரி. உங்கள் வீதியிலும் அப்படியா? சேலையோடு சைக்கிள் உழக்கிப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியைகள் வடக்கில் எந்த வீதியிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு சந்தியிலிருந்து பாதித் தூரமாவது சேர்ந்து போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நமக்கு நாமே கொடுத்த வாக்கை எளிதில் மீறுவோம். சந்தியில் ஒருவர் காத்து நிற்பார் என்றால் கால் தானாக வாசலுக்கு வரும். அலுவலகத்தில் கேட்பவர்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்ற ஒரு வரி போதும்.

21 நாள் கணக்கையும் விட்டுவிடுங்கள். இலண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைத் தொடர்ந்து அவதானித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர எடுத்த காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவளவு 66 நாள். உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய செய்தி அதே ஆய்வில் இருக்கிறது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. நீங்களோ ஒருநாள் மழையில் பஸ் ஏறியதும் கணக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் கிழமை முழுவதையும் கைவிட்டிருக்கிறீர்கள்.

ஐந்து நாளும் ஓடினால்தான் பயன் என்பதும் தவறான எண்ணம். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. நீங்கள் சொல்லும் நேரக் கணக்கின்படி, இரண்டு நாள் போய்வந்தாலே 150 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறீர்கள்.

அம்மாவின் கண்ணில் அந்தச் சைக்கிள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த பகுதி இது. இரண்டே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள்.

"இவ்வளவு படிப்பித்தும் மகள் சைக்கிளிலா" என்று அம்மா சொல்லும்போது அது ஊர் மதிப்பைப் பற்றிய பேச்சாக உங்களுக்குக் கேட்கிறது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் வன்னியில் அவருடைய வயதினருக்குச் சைக்கிள் வெறும் வாகனமாக இருந்ததில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகும் நெல்லும் நோயாளியும் அதில்தான் போயின. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தபோது அக்கராயன், மல்லாவி என்று சனம் போனதும் அதில்தான். பிறகு 2008, 2009. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே தள்ளப்பட்ட அந்த வீதியில், பாயும் பாத்திரமும் கட்டிய சைக்கிளை அவர் உருட்டியிருக்கிறார். அதே வீதிக்கு, அதே கிழக்குத் திசைக்கு, மகள் சைக்கிளில் புறப்படுவதை அவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அவர் மனம் கலங்குவதில் வியப்பில்லை.

ஆகவே உடற்பயிற்சியின் நன்மைகளை அவருக்கு எடுத்துச் சொல்லி வெல்லப் பார்க்காதீர்கள். ஒரு மாலை நேரம் பக்கத்தில் இருந்து, "அம்மா, நான் சைக்கிள் எடுக்கும்போது உங்களுக்கு என்ன நினைவு வருகிறது?" என்று கேளுங்கள். அவர் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். பிறகு உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். அன்று போகவேண்டிவந்ததால் போனோம், இன்று விரும்பிப் போகிறேன், பின்னேரம் வீடு திரும்புகிறேன் என்று. அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். அந்த ஒரு நிமிடம் அவருக்குப் பெரிது.

அயலில் சிலர் இதற்கு நேரெதிராக, "நாங்கள் அந்தக் காலத்தில் எவ்வளவு தூரம் உழக்கினோம், இந்த ஒன்பது மைல்கூட இல்லாத தூரமா?" என்று கேட்பார்கள். அதையும் உங்களுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். அது துன்பம். அதைச் சாதனைக் கணக்கில் சேர்த்து, இன்று ஒருவரைக் குற்றவாளியாக்கப் பயன்படுத்துவது அந்தத் துன்பத்துக்கும் நியாயமல்ல.

இன்னொன்றையும் கேட்கவேண்டும். 2009 இல் நீங்களும் இருபது வயதை ஒட்டிய இளம்பெண். அந்த வீதியின் ஏதாவது ஓர் இடத்தைக் கடக்கும்போது உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறதா, காரணமில்லாமல் வேகம் கூடுகிறதா? அப்படியானால் காலையில் மனம் வராததற்கு ஊக்கக் குறைவு காரணமல்ல. சைக்கிள் மட்டுமல்லாமல் வேலை, சாப்பாடு, நித்திரை, பிள்ளையோடு விளையாடுவது எல்லாமே இரண்டு கிழமைக்கு மேலாகப் பிடிப்பில்லாமல் இருந்தாலும் அதைச் சோம்பல் என்று பெயரிட்டு மூடிவைக்காதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், செலவில்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். கூடவே குருதியில் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கு மேட்டில் மூச்சு வாங்கும், கால் ஓயும். அதை மனத்தின் குறையாக எண்ணிக் காலங்கழித்தவர்கள் பலர்.

காற்று, முழங்கால், தண்ணீர்

மாலையில் ஒரு மணித்தியாலம் ஆனதற்கு உடம்பு இற்றுப்போனது காரணமல்ல. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. பகல் ஏற ஏற அது பலக்கிறது. நீங்கள் மாலையில் மேற்கு நோக்கி, அந்தக் காற்றின் வாய்க்குள் திரும்பி வருகிறீர்கள். ஓடும்போது உங்கள் மீது மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை எதிர்த்துக் காலை நேர வேகத்தைப் பிடிக்க முயன்றால் யாருக்கும் மூச்சு முட்டும். நேரத்தைப் பார்க்காமல் மெதுவாக வாருங்கள். உங்களுடையது கியர் இல்லாத சைக்கிள் என்பதால், பின்சில்லின் பிறீவீலை, அதாவது சங்கிலி சுற்றும் பற்சக்கரத்தை, பல் கூடிய ஒன்றாக மாற்றித் தரும்படி சைக்கிள் கடையில் கேளுங்கள். 18 பல் இருந்தால் 20 அல்லது 22. வேகம் சற்றுக் குறையும், உழக்குவது நன்றாக இலேசாகும்.

முழங்காலின் முன்பக்கம் நோகிறது என்றால் இருக்கை தாழ்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கால் இரண்டும் நிலத்தில் முழுதாகப் படவேண்டும் என்று நம் பெண்களில் பலர் இருக்கையை அடியோடு இறக்கி வைக்கிறார்கள். அப்போது முழங்கால் அளவுக்கு மீறி மடிந்தே வேலை செய்கிறது. இருக்கையில் அமர்ந்து, பெடல் கீழே இருக்கும் நிலையில் குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். முன்பாதத்தால் உழக்கும்போது முழங்கால் சிறிதளவே மடியும். அதுதான் சரியான உயரம். ஒரேயடியாக உயர்த்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பழகுங்கள். அதன் பிறகும் நோ மாறாவிட்டால், அல்லது முழங்கால் வீங்கினால், வைத்தியரிடம் காட்டுங்கள். ரயரில் காற்றுக் குறைவாக இருந்தாலும் கிரவல் பாதையில் கால்தான் அந்தக் கடனைக் கட்டும். கிழமைக்கு ஒருமுறை காற்றடியுங்கள்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதை மட்டும் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் இன்னும் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வெயிலில் வியர்க்க வியர்க்க உழக்கிவிட்டு மாலைவரை நாவை நனைக்காமல் இருப்பது சிறுநீரகத்துக்குச் செய்யும் கொடுமை. கழிவறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் கேட்பது சலுகை கேட்பதாகாது. நீங்கள் ஒருவர் கேட்கத் தயங்கினால், பெண் உத்தியோகத்தர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு அலுவலகத் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். உடை மாற்ற ஓர் அறையையும் அதே கடிதத்தில் கேட்கலாம். சுடிதாரில் வந்து அங்கே சேலைக்கு மாறினால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். சேலையோடுதான் ஓட்டுவேன் என்றால் பின்சில்லின் பக்கத்தில் வலை பொருத்தாமல் ஓட்டவேண்டாம்.

ஸ்கூட்டியும் லீசிங்கும்

ஸ்கூட்டி வாங்குவது தோல்வி அல்ல. மகளை மாலை வகுப்புக்குக் கொண்டுபோக, அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக அது தேவையென்றால் வாங்குங்கள். சைக்கிளை எடுக்காத குற்றவுணர்விலிருந்து தப்புவதற்காக மட்டும் வாங்காதீர்கள். தம்பி மாதத் தவணையை மட்டும் சொல்கிறார். நீங்கள் மொத்தமாகக் கட்டவேண்டிய தொகையை எழுத்தில் கேளுங்கள். அதோடு காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், சேர்விஸ், பெற்றோல் ஆகியவற்றையும் கூட்டுங்கள். கடைசித் தவணை முடியும்வரை வாகனத்தின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும், தவணை தவறினால் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதை மறக்கவேண்டாம். யார் பிணை நிற்பது என்பதையும் முன்பே பேசுங்கள். போருக்குப் பிறகு வன்னியில் கடனால் நொந்த பெண்கள் எத்தனை பேர் என்பது உங்கள் வேலையிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணவரோடும் கலந்து பேசி, மூன்று மாதம் கழித்து முடிவெடுங்கள். அதற்குள் கிழமைக்கு இரண்டு நாள் சைக்கிள் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

வீதியில்

காலையில் கிழக்கே போகிறீர்கள், மாலையில் மேற்கே வருகிறீர்கள். இரண்டு வேளையும் வெயில் உங்கள் முகத்தில் அடிக்கிறது. பின்னால் வரும் பஸ் சாரதிக்கும் அதே வெயில் கண்ணைக் கூசவைக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். சேலைக்கு மேலே அணியும் பளிச்சென்ற மஞ்சள் அங்கி ஒன்றும், பின்பக்கச் சிவப்பு விளக்கும் அவசியம். மாசி, பங்குனியில் வீதியோரத்தில் நெல் காயவிட்டிருப்பார்கள். அதைச் சுற்றிப் போகுமுன் கட்டாயம் திரும்பிப் பாருங்கள். வேலை முடியப் பிந்தி, இருட்டிவிடும் என்று தோன்றினால் சைக்கிளை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்து, சந்தியிலிருந்து யாரையாவது கூட்டிச்செல்ல அழையுங்கள். காட்டோரக் கிரவல் பாதையில் யானை நிற்கும் வேளை அது. மாரியில் பாதைக்கு மேலாக வெள்ளம் ஓடினால், ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்கவேண்டாம்.

தகாத வார்த்தை சொல்பவர்களைப் பற்றி, "வீதியில் போனால் இதெல்லாம் இருக்கும்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, அது குற்றம். வார்த்தையால் செய்யும் பாலியல் தொந்தரவும் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவில் அடங்கும். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. வாகன இலக்கத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவில் முறையிடலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 119. பின்தொடர்ந்து வருகிறார்கள் என்று தோன்றினால் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆட்கள் இருக்கும் கடையில் நிறுத்துங்கள்.

எப்போது தொடங்குவது?

இப்போதே தொடங்குங்கள். மாரி ஓய்ந்துவிட்டது, சோளகம் எழ இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஆண்டில் காற்று உங்களோடு சண்டையிடாத காலம் இதுதான். பங்குனி, சித்திரை வெயில் கடுமைதான். ஆனாலும் இப்போது தொடங்கினால் உடல் ஒன்றிரண்டு கிழமையில் வெப்பத்துக்குப் பழகத் தொடங்கிவிடும். முதல் கிழமை சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோய் இருக்கை, பிரேக், பிறீவீல் மூன்றையும் சரிபாருங்கள். இரண்டாவது கிழமையிலிருந்து குறித்த இரண்டு நாளும் சந்திவரை சைக்கிளில் போங்கள். அங்கே போனபிறகு மனமில்லையென்றால், தெரிந்த கடையொன்றில் சைக்கிளை விட்டுவிட்டுப் பஸ் ஏறலாம். அதற்காக உங்களை ஏசிக்கொள்ளத் தேவையில்லை. மனமிருந்தால் மிகுதி 6 கிலோமீற்றரையும் ஓடுங்கள். சோளகம் தொடங்கியதும் அந்த இரண்டு நாளை ஒன்றாகக் குறைத்தாலும் பரவாயில்லை, மாரியில் முற்றாக நிறுத்தினாலும் பரவாயில்லை. ஆனால் நிறுத்தும்போதே, தை பிறந்து எந்தத் திகதியில் மீண்டும் எடுப்பீர்கள் என்பதையும் நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். போன மாரியில் நீங்கள் செய்யத் தவறியது அது ஒன்றுதான்.